ஒரே லெப்டொப்பில் பல ஜாவா, பல பைதன்: எதை எங்கே இன்ஸ்டோல் செய்வது?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் வாங்கும் லெப்டொப் பல நேரம் இரண்டு ட்ரைவாகப் பிரித்தே கைக்கு வரும். சி ட்ரைவில் விண்டோஸ் இருக்கும், டி ட்ரைவ் வெறுமையாக இருக்கும். உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவர் அதில் முதலில் பைதன் போடுவார். கெம்பஸ் போனதும் ஜாவா 17 தேவைப்படும். பகுதிநேர வேலை செய்யும் இடத்தில் பழைய கணக்கு மென்பொருள் ஜாவா 8 கேட்கும். வெப்சைட் வேலை ஒன்று கிடைத்தால் நோட் ஜேஎஸ்ஸும் வந்து சேரும். ஒவ்வொன்றுக்கும் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனால், நேற்று ஓடிய புரோகிராம் இன்று ஓடாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டோல் செய்தால் இரண்டு நாளைக்குச் சரியாக இருக்கும், பிறகு பழைய சிக்கல் திரும்பி வரும்.

ஒரே கணினியில் மூன்று ஜாவாவும் நான்கு பைதனும் பல வருடம் பிரச்சினையில்லாமல் இருக்கலாம். அதற்கு இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பார்க்கப் பழக வேண்டும். ஒரு ரன்டைம், அதாவது ஜாவா, பைதன் போல நம் புரோகிராமை ஓட்டும் மென்பொருள், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது ஒன்று. 'ஜாவா' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எது ஓடி வரும் என்பது மற்றது. இன்ஸ்டோலர்கள் இரண்டையும் ஒரே பட்டனில் முடித்துவிடுவதால்தான் புதியவர்கள் இரண்டும் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

கூப்பிட்டால் யார் வருகிறார்

கொமாண்ட் ப்ரொம்ப்டில் ஒரு பெயரைத் தட்டியதும் விண்டோஸ் முதலில் நீங்கள் நிற்கும் ஃபோல்டரைப் பார்க்கும். அங்கே இல்லையென்றால் 'பாத்' (PATH) என்ற சூழல் மாறியில், அதாவது விண்டோஸ் வைத்திருக்கும் ஒரு பட்டியலில், உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் தேடும். முதலில் அகப்பட்டதை ஓட்டிவிட்டு அத்தோடு நின்றுவிடும். பின்னால் இன்னும் ஐந்து ஜாவா இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

பாத்தில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று கணினி முழுவதற்கும் பொதுவானது, மற்றது உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் உரியது. பொதுப் பகுதிதான் எப்போதும் முன்னால் வரும். உங்கள் பகுதியில் ஜாவா 17ஐ முதல் வரியில் போட்டாலும், பொதுப் பகுதியில் எங்கேயாவது ஜாவா 8 இருந்தால் 8 தான் ஓடும். "பாத்தில் சரியாகத்தான் போட்டேன், ஆனாலும் பழையதே வருகிறது" என்பவர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எதையும் இன்ஸ்டோல் செய்வதற்கு முன்னால் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'வேர்' (where) கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு ஜாவா என்று கொடுத்தால், பாத்தில் அகப்படும் எல்லா ஜாவாக்களும் தேடும் வரிசைப்படியே வரும். மேலே வருவதுதான் ஓடுவது. பைதனுக்கும் நோடுக்கும் இதையே செய்யுங்கள். பவர்ஷெல்லில் செய்பவர்கள் 'வேர்' என்பதோடு புள்ளி, இஎக்ஸ்இ சேர்த்தே தட்ட வேண்டும். அங்கே வெறும் 'வேர்' வேறொரு கட்டளையின் சுருக்கம் என்பதால், எதுவும் காட்டாமல் போய்விடும். வந்த விடையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிழை வரும்போது முதலில் உதவுவது அந்தப் பட்டியல்தான்.

பாத்தைத் திருத்த விண்டோஸ் தேடல் பெட்டியில் 'என்வயரன்மென்ட்' என்று தட்டினால் சூழல் மாறிகள் ஜன்னல் வரும். அங்கே மட்டும் திருத்துங்கள். 'செட்எக்ஸ்' கட்டளையால் பாத்தை மாற்றச் சொல்லும் பாடங்கள் நிறைய உண்டு, அவற்றைப் பின்பற்றாதீர்கள். அது 1024 எழுத்துக்கு மேற்பட்டதை வெட்டிவிடும், பொதுப் பகுதியையும் உங்கள் பகுதியையும் ஒன்றாகக் கலந்தும் விடும். வெட்டுப்பட்டது எதுவென்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. திருத்திய பிறகு, திறந்திருக்கும் கொமாண்ட் ஜன்னல்களையும் கோட் எடிட்டரையும் மூடித் திறக்க வேண்டும். முன்பே திறந்திருந்தவை பழைய பாத்தையே வைத்திருக்கும்.

ஜாவா

ஜாவாவில் நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகள் 8, 11, 17, 21, 25. கொழும்பில் படிப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் இவற்றில் குறைந்தது இரண்டு ஒரே நேரத்தில் தேவைப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டோலர்கள் பதிப்பு எண்ணுடைய தனித்தனி ஃபோல்டரில்தான் வைக்கின்றன. ஒரகிள் ஜாவா, சி ட்ரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ஜாவா என்ற ஃபோல்டரில் ஜேடிகே (JDK, ஜாவாவில் புரோகிராம் எழுதுவதற்கான தொகுப்பு) 17, ஜேடிகே 21 என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஃபோல்டரைப் பொறுத்தவரை சண்டைக்கு இடமில்லை.

சண்டை பாத்தில். ஒரகிள் இன்ஸ்டோலர் புரோகிராம் ஃபைல்ஸ், கொமன் ஃபைல்ஸ், ஒரகிள், ஜாவா என்று உள்ளே போய் 'ஜாவாபாத்' என்று ஒரு சிறு ஃபோல்டர் உண்டாக்கி, அதைப் பொதுப் பாத்தின் தலையில் போட்டுவிடும். நீங்கள் கையால் சேர்த்த வரி அதற்குக் கீழேதான் நிற்கும். இந்த வரியை நீக்கினால் ஜாவா அழிந்துவிடாது. தலையில் இருந்து எடுத்துவிட்டு, உங்களுக்கு வேண்டிய ஒரேயொரு ஜாவாவுக்குள் இருக்கும் 'பின்' (bin) என்ற ஃபோல்டரைப் பொதுப் பாத்தில் போடுங்கள்.

டெமுரின் போன்ற, ஜாவாவின் இலவச வெளியீடுகளில் வேறொரு பொறி உண்டு. அவற்றின் ஃபோல்டர் பெயரில் 17 மட்டுமல்ல, அதற்குப் பின்னால் வரும் எல்லாச் சிறு எண்களும் சேர்ந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் பாதுகாப்பு அப்டேட்டைப் போட்டதும் ஃபோல்டர் பெயரே மாறிவிடும். ஜாவா எங்கே இருக்கிறது என்று மற்றக் கருவிகளுக்குச் சொல்லும் 'ஜாவா ஹோம்' (JAVA_HOME) என்ற சூழல் மாறியில் பழைய பெயர் எழுதியிருந்தால் அது இல்லாத வீட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஃபோல்டர் பெயரில் எண் வேண்டும், ஆனால் பெரிய எண் மட்டும் போதும். 17ம் 21ம் பிரிந்து இருக்க வேண்டும், 17இன் சிறு திருத்தங்கள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். இன்ஸ்டோலரில் 'கஸ்டம்' பக்கத்தில் இடத்தை மாற்றும்போது இதை மனதில் வைத்துப் பெயரிடுங்கள்.

ஜாவா ஹோம் மாறிக்கு ஜேடிகே ஃபோல்டரைக் கொடுக்க வேண்டும், அதற்குள்ளிருக்கும் பின் ஃபோல்டரை அல்ல. மேவன், கிரேடில் போன்ற, ஜாவாப் புரோகிராம்களைக் கட்டும் கருவிகள் பாத்தைவிட இந்த மாறியைத்தான் முதலில் நம்பும். அதனால் ஜாவா என்று தட்டினால் 21 வந்தும், மேவன் 17இல் கட்டும் நிலை உண்டாகலாம். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

தவறான ஜாவா ஓடினால் வரும் பிழைச் செய்தியில் 'கிளாஸ் ஃபைல் வெர்ஷன்' என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து 44ஐக் கழித்தால் எந்த ஜாவா வேண்டும் என்று தெரியும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. 'இந்த ரன்டைம் 52 வரைதான் அறியும், இது 61' என்று செய்தி சொன்னால், 17இல் கட்டியதை 8 ஓட்டப் பார்க்கிறது என்று பொருள். புரோகிராமில் கை வைக்காதீர்கள், பாத்தைப் பாருங்கள்.

பைதன்

விண்டோஸில் இந்த விடயத்தை நன்றாக யோசித்துச் செய்தவர்கள் பைதன்காரர்கள். வழமையான இன்ஸ்டோலர் 3.12ஐ உங்கள் பயனர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா, லோக்கல், புரோகிராம்ஸ், பைதன் என்று போய் 'பைதன்312' என்ற ஃபோல்டரில் வைக்கும். 3.11 வந்தால் பக்கத்தில் 'பைதன்311'. 3.12.3ஐ 3.12.4 ஆக்கினால் அதே ஃபோல்டர். மேலே சொன்ன பெரிய எண் விதி இங்கே தானாகவே நடக்கிறது.

ஒருவர் மட்டும் பாவிக்கும் லெப்டொப் என்றால் இந்த இயல்பான இடத்தை மாற்றாதீர்கள். 'எல்லாப் பயனருக்கும்' என்ற ஒப்ஷனைப் போட்டால் பைதன் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய்விடும். அங்கே எழுத அட்மின் அனுமதி வேண்டும். பைதனுக்கான பொதிகளை இறக்கிப் போடும் 'பிப்' (pip) மூலம் ஏதாவது போட்டால், அனுமதியில்லை என்று கண்டு, தானாகவே உங்கள் ஆப்டேட்டாவில் ரோமிங் பக்கம் வைத்துவிடும். அந்த இடத்தின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர் பாத்தில் இருக்காது. 'போட்டுவிட்டேன், ஆனால் கட்டளை அகப்படவில்லை' என்ற முறைப்பாடு அங்கிருந்துதான் வருகிறது.

இன்ஸ்டோலரின் முதல் பக்கத்தில் அடியில் 'பாத்தில் சேர்' என்றொரு பெட்டி உண்டு. ஒரே ஒரு பைதன் போடுபவர் அதைத் தெரிவு செய்யலாம். இரண்டாவது பைதன் வரும்போது அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டுவிடுங்கள். பாத்தைத் தொடாமலே பதிப்பைத் தெரிவு செய்ய 'பைலோஞ்சர்' இருக்கிறது. 'பிஒய்' (py) என்ற இரண்டெழுத்துக் கட்டளைக்குப் பின் ஹைபன், 3.11 என்று கொடுத்தால் 3.11 ஓடும். ஹைபன், பூச்சியம் கொடுத்தால் கணினியில் உள்ள எல்லாப் பைதனையும் பட்டியலிடும். எண் கொடுக்காவிட்டால் புதியதை எடுக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் அந்த லோஞ்சரால் தனி மெய்நிகர் சூழல், அதாவது அந்த வேலையின் பொதிகளை மட்டும் தனியே வைக்கும் 'வென்வ்' (venv) ஃபோல்டர், உண்டாக்குங்கள். வென்வ் ஃபோல்டரை இடம் மாற்றவோ பென் ட்ரைவில் கொண்டுபோய் வேறு கணினியில் ஓட்டவோ முடியாது. முழுப் பாதைகள் அதற்குள் எழுதப்பட்டிருக்கின்றன. மூலப் பைதனை நீக்கினாலும் அதில் பிறந்த வென்வ்கள் எல்லாம் செத்துவிடும். எனவே 3.11ஐ நீக்கும் முன் ஒவ்வொரு வென்விலும் உள்ள 'பைவென்வ்' கன்ஃபிக் கோப்பைத் திறந்து, ஹோம் என்ற வரியில் எந்த ஃபோல்டர் இருக்கிறதென்று பாருங்கள்.

எதையும் இன்ஸ்டோல் செய்யாத கணினியில்கூடப் பைதன் என்று தட்டினால் மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் திறக்கும். விண்டோஸ் அங்கே ஒரு போலிக் கோப்பு வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குள் 'ஆப் எக்ஸிகியூஷன் அலையஸ்' பக்கம் போய்ப் பைதன் பெயருள்ள இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

நோட், டொட் நெட், சி பிளஸ் பிளஸ்

நோட் ஜேஎஸ் இன்ஸ்டோலர் எண்ணே இல்லாத ஒரு ஃபோல்டரில் வைக்கும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் 'நோட்ஜேஎஸ்', அவ்வளவுதான். 22 போட்டால் 20 போய்விடும். இரண்டும் வேண்டுமானால் 'என்விஎம் ஃபோர் விண்டோஸ்' என்ற பதிப்பு மேலாளரைப் பாவியுங்கள். அதற்கு முன் இருக்கும் நோடை முழுதாக நீக்குங்கள், இல்லையென்றால் பழைய ஃபோல்டர் குறுக்கே நிற்கும். பதிப்பை மாற்றியதும் 'நோட் மொடியூல் வெர்ஷன்' பொருந்தவில்லை என்று பிழை வந்தால் பயப்படாதீர்கள். 115 என்பது நோட் 20, 127 என்பது நோட் 22. அந்த வேலையின் மொடியூல்களை அழித்துவிட்டு இப்போதைய நோடால் மறுபடி போட்டால் சரி.

மைக்ரோசொஃப்டின் ரன்டைமான டொட் நெட்டுக்கு இடத்தை மாற்றவே வேண்டாம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் 'டொட்நெட்' என்ற ஒரே ஃபோல்டர், அதற்குள் பதிப்புக்கு ஒரு ஃபோல்டர், எது வேண்டும் என்பதைப் புரோகிராமே தெரிவு செய்யும். 8க்கு எழுதியது தானாக 10இல் ஓடாது, எனவே 10 வந்துவிட்டது என்று 8ஐ நீக்காதீர்கள். 'எஸ்டிகே (புரோகிராம் எழுதுவதற்கான தொகுப்பு) எதுவும் இல்லை' என்று வந்தால், புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86 பக்கமிருக்கும் 32 பிட் டொட்நெட் பாத்தில் முந்தி நிற்கிறதா என்று பாருங்கள்.

கன்ட்ரோல் பெனலில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010, 2012, 2013 என்று வரிசையாக இருப்பதைக் கண்டு 'டபுள் டபுளாக' இருக்கிறதென்று நீக்கிவிடுவார்கள். அவற்றைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அதை நம்பி ஓடும் மென்பொருள் இருக்கக்கூடும்.

சி ட்ரைவா, டி ட்ரைவா

கடையில் ஃபோமட் அடித்தால் சி போகும், டி தப்பும். அதனால் எல்லாவற்றையும் டியில் இன்ஸ்டோல் செய்துவிட்டால் திரும்பப் போட வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. இன்ஸ்டோலரால் போட்டவற்றுக்கு இது பலிக்காது. கோப்புகள் டியில் இருந்தாலும் ரெஜிஸ்ட்ரி பதிவும் பாத்தும் சியோடு போய்விடும். புதிய விண்டோஸுக்கு அவை யாரென்றே தெரியாது, முறையாக நீக்கவும் முடியாது.

சிப் (zip) கோப்பாக வரும் வெளியீடுகளுக்கு மட்டும் அந்த நம்பிக்கை சரி. ஜாவாவும் நோடும் சிப்பாகவும் கிடைக்கின்றன. விரித்து வைத்து, பாத்தில் ஒரு வரி சேர்த்தால் ஓடும். ஃபோமட்டுக்குப் பிறகும் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எழுதினால் போதும். பைதனையும் டொட் நெட்டையும் சியில் இயல்பான இடத்திலேயே விடுங்கள்.

டியில் வைப்பதென்றால் இப்படிச் செய்யலாம். மேல்மட்டத்தில் ஒரு சிறு பெயருள்ள ஃபோல்டர், ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். அதற்குள் ஜாவா. அதற்குள் 8, 17, 21 என்று எண்ணை மட்டும் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள். சிப்பை விரித்தால் நீண்ட பெயருடைய ஒரு ஃபோல்டர் வரும், அதற்குள் இருப்பவற்றை எடுத்து எண் ஃபோல்டருக்குள் வையுங்கள். பின் என்ற ஃபோல்டர் 17க்குள் நேரடியாகத் தெரிய வேண்டும். 17க்குள் இன்னொரு ஜேடிகே, அதற்குள் பின் என்றிருந்தால் ஜாவா ஹோம் பிழைக்கும்.

அடுத்து, எண்களுக்குப் பக்கத்திலேயே 'கரன்ட்' என்ற பெயரில் ஒரு ஜங்ஷன், அதாவது வேறொரு ஃபோல்டரைக் காட்டும் காட்டி, உண்டாக்குங்கள். கொமாண்ட் ப்ரொம்ப்டில் 'எம்கேலிங்க்', சாய்கோடு, ஜே (mklink /J), பிறகு கரன்ட்டின் பாதை, பிறகு 17இன் பாதை. அட்மின் அனுமதி தேவையில்லை. ட்ரைவ் என்டிஎஃப்எஸ் (NTFS) முறையில் ஃபோமட் செய்ததாக இருக்க வேண்டும். ஜாவா ஹோமுக்குக் கரன்ட்டையும், பாத்துக்குக் கரன்ட்டின் பின் ஃபோல்டரையும் கொடுங்கள். 21க்கு மாற வேண்டுமானால் 'ஆர்டி' (rd) கட்டளையால் கரன்ட்டை நீக்கி, 21ஐக் காட்டி மறுபடி உண்டாக்குங்கள். நீங்குவது காட்டி மட்டும், உள்ளே இருக்கும் ஜாவாவுக்கு ஒன்றும் ஆகாது. சூழல் மாறிகள் ஜன்னலை இனித் திறக்கத் தேவையில்லை.

இது தனி ஆள் லெப்டொப்புக்கு. வகுப்பிலோ அலுவலகத்திலோ பலர் பாவிக்கும் கணினியில் ட்ரைவின் மேல்மட்டத்தில் புதிதாக உண்டாக்கும் ஃபோல்டரில், உள்நுழையும் எந்தப் பயனரும் கோப்பை மாற்றலாம் என்பதே விண்டோஸின் இயல்பான அனுமதி. அப்படியொரு ஃபோல்டரைப் பொதுப் பாத்தில் போட்டால், ஒருவர் வைத்த கோப்பு மற்ற எல்லோருடைய பெயரிலும் ஓடும். பொதுக் கணினிக்குப் புரோகிராம் ஃபைல்ஸ்தான் சரியான இடம். பைதனையும் அங்கே எல்லோருக்குமாகப் போட்டு, ஆளுக்கொரு வென்வ் வைத்துக்கொள்ளலாம்.

பயனர் பெயரும் ஒன்ட்ரைவும்

விண்டோஸ் போடும்போது பயனர் பெயரைத் தமிழில் தட்டினால், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் வீடும் தமிழ்ப் பெயரிலேயே உண்டாகும். நம் மொழி திரையில் வருவது மகிழ்ச்சிதான். ஆனால் பழைய கட்டுமானக் கருவிகள் சில அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் கேள்விக்குறிகளாக்கிவிட்டு நின்றுவிடும். இடைவெளியுள்ள பெயரிலும் இதே தொல்லை வரலாம். முதலில் ஆங்கில எழுத்தில் ஒரு சிறு பெயரால் கணக்கை உண்டாக்கி, பிறகு காட்டும் பெயரைத் தமிழில் மாற்றிக்கொள்ளுங்கள். காட்டும் பெயர் மாறினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது.

டொகியுமென்ட்ஸும் டெஸ்க்டொப்பும் பல கணினிகளில் ஒன்ட்ரைவுக்குள் போயிருக்கும். அதற்குள் வென்வ் அல்லது நோட் மொடியூல் ஃபோல்டர் வைத்தால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் மேலேறத் தொடங்கும். போனின் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்பவருக்கு மாதத்து டேட்டா அதிலேயே கரையும். கோப்புகள் ஒத்திசையும்போது பூட்டப்படுவதால் இன்ஸ்டோலும் பாதியில் நிற்கும். வேலைகளுக்கு ஒன்ட்ரைவுக்கு வெளியே, டியில் தனி ஃபோல்டர் வையுங்கள். பாதை நீளம் 260 எழுத்தைத் தாண்டினாலும் பல கருவிகள் தடுமாறும், அதனாலும் மேல்மட்டத்தில் சிறு பெயர் நல்லது. பெரிய இன்ஸ்டோலர்களை இரவு நேர டேட்டாவில் இறக்கி, அந்தக் கோப்புகளையும் டியில் சேமித்து வைத்தால் ஃபோமட்டுக்குப் பிறகு இன்னொரு முறை இறக்க வேண்டியதில்லை.

உபுண்டு பாவிப்பவர்களுக்கு

யூஎஸ்ஆர் பின் (/usr/bin) ஃபோல்டருக்குள் இருக்கும் பைதன்3 உங்களுடையதல்ல, இயங்குதளத்துடையது. உபுண்டு 22.04இல் அது 3.10, 24.04இல் 3.12. அந்தப் பெயரை வேறு பதிப்புக்குத் திருப்பினால் டெர்மினலே திறக்காமல் போகலாம், ஏனென்றால் அதைத் தொடங்கும் கோப்பு பைதனில் எழுதப்பட்டது. புதிய உபுண்டுவில் பிப் நேரடியாகப் போட மறுத்து, 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று சொல்வது இதைக் காப்பாற்றத்தான். கட்டாயப்படுத்தும் ஒப்ஷனைத் தேடாமல் வென்வ் உண்டாக்குங்கள். மூலத்திலிருந்து கட்டும் பைதனுக்கு யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) ஃபோல்டர்தான் இடம். 'மேக் இன்ஸ்டோல்' வேண்டாம், 'மேக் ஆல்ட்இன்ஸ்டோல்' கொடுத்தால் பைதன்3 என்ற பெயரைத் தொடாமல் எண்ணுடைய பெயரில் மட்டும் வைக்கும். விரித்து வைக்கும் தனி வெளியீடுகளுக்கு ஒப்ட் (/opt) ஃபோல்டர் ஏற்றது.

முடித்ததும் சரிபார்க்க

புதிய கொமாண்ட் ஜன்னல் ஒன்றைத் திறந்து, முன்பு எழுதிவைத்த 'வேர்' பட்டியலை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜாவாவுக்கு ஒரு வரிதான் வர வேண்டும். இரண்டு வந்தால் இரண்டாவது எந்த இன்ஸ்டோலர் சேர்த்தது என்று கண்டுபிடித்து நீக்குங்கள். ஜாவா சொல்லும் பதிப்பும், மேவன் தன் பதிப்போடு சேர்த்துக் காட்டும் ஜாவாப் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கணக்கு மென்பொருளுக்கு 8 தேவையென்றால் அதை பாத்தில் சேர்க்காதீர்கள். அதன் ஷோர்ட்கட்டில் ஜாவா 8இன் முழுப் பாதையையும் எழுதுங்கள். கடைசியாகக் கணினியை ஒரு தடவை மறுதொடக்கம் செய்துவிட்டு, அந்த மென்பொருளைத் திறந்து பாருங்கள்.